வலது பக்கத்து சீட்

சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறேன் என்று வெளியே சொன்ன நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "எங்களை எப்பக் கூட்டிட்டுப் போறே?" பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். கோவையிலிருந்து வாட்ஸப்பில் சித்தி கேட்டார். அலுவலகத்தில் என்னோடு பத்து வார்த்தைகூடப் பேசியிராத மேலாளர் கேட்டார். லைசென்ஸ் வரும்வரை யாரையும் ஏற்றக் கூடாது, சட்டம் விடாது என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலோர் அதோடு விட்டுவிட்டார்கள். அம்மா விடவில்லை.

"அப்ப நீ தனியாப் போலாமா?"

"போலாம்மா. இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட்டுட்டா தனியாப் போலாம்."

"ஏங் கண்ணு, லைசென்ஸ் இல்லாதவ தனியாப் போலாமாம், பக்கத்துல ஒரு ஆளை வெச்சுக்கக் கூடாதாம். இதென்ன கூத்து?"

அம்மா எல்.எல்.ஆர். வாங்கிக் கார் பழகியவர். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் காரை எடுத்தால், லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், உட்கார்ந்தே ஆக வேண்டும். கடைசி வரைக்கும் தனியாக ஓட்ட அனுமதி கிடையாது. விமானப் பயிற்சியில் இது அப்படியே தலைகீழ். ஒரு கட்டம் வரை பக்கத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு சில மணி நேரமாவது பக்கத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. லைசென்ஸ் கையில் வந்த பிறகுதான் மற்றவர்கள்.

நான் பழகியது டெக்சஸில் என்பதால் அமெரிக்க விதிகளை வைத்தே சொல்கிறேன். இங்கே விமானப் போக்குவரத்தை ஆள்வது எஃப்ஏஏ. அதன் விதித் தொகுப்பில் 61.89 என்ற பிரிவு மாணவ விமானி என்னென்ன செய்யக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. பயணியை ஏற்றிக்கொண்டு விமானத்துக்குப் பொறுப்பேற்கக் கூடாது. கூலிக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. தானே கூலி வாங்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. தன் தொழில் காரியமாகவும் பறக்கக் கூடாது. பார்வைத் தூரம் பகலில் 3 மைலுக்கும் இரவில் 5 மைலுக்கும் குறைந்தால் கிளம்பக் கூடாது. தரை கண்ணுக்குத் தெரியாத நிலையில் பறக்கக் கூடாது. பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் ஆசிரியர் எழுதி வைத்த வரம்பை மீறக் கூடாது.

முதல் தடையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மாணவர் இருக்கும் விமானத்தில் பயணியே இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. பயணி இருக்கும் விமானத்துக்கு மாணவர் பொறுப்பாளராக இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாக் கிளைக் கேள்விகளுக்கும் விடை தானாக வந்துவிடும்.

ஒவ்வொரு முறை விமானம் கிளம்பும்போதும் அதற்கு ஒரு பொறுப்பு விமானி உண்டு. இங்கே எல்லோரும் பிஐசி என்பார்கள். விமானத்துக்கு என்ன ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இறுதி முடிவும் அவருடையதே. கட்டுப்பாட்டுப் பிடி யார் கையில் இருக்கிறது, யார் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் வேறு சங்கதி. என் பயிற்சியின் முதல் நாளில் நான்தான் இடது சீட்டில் இருந்தேன். ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கைத் தூக்கியதும் நான்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பறத்தல் முழுக்க வலது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆசிரியருடையது.

அதனால்தான் பயிற்சியின்போது பின் சீட்டில் ஒருவர் உட்காரலாம். இதை நம்ப மறுப்பவர்களே அதிகம். ஆசிரியர் சம்மதிக்க வேண்டும், பள்ளியின் இன்சூரன்ஸ் இடம் கொடுக்க வேண்டும், எடைக் கணக்கு ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான். பின்னால் இருப்பவர் ஆசிரியரின் பயணி, மாணவியின் பயணி அல்ல. என் கணவர் ஒரு சனிக்கிழமை அப்படி வந்தார். அன்றைக்கு ஸ்டால் பயிற்சி. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறக்கை தாங்கும் சக்தியை இழந்து மூக்கு சட்டென்று கீழே விழும், அதிலிருந்து மீட்டெடுக்க வேண்டும். முன்னால் இருப்பவருக்கு அது ஒரு பாடம். பின்னால் இருப்பவருக்கு வயிறு. இரண்டாவது தடவை மூக்கு விழுந்தபோது ஹெட்செட்டில் "முருகா" என்று ஒரு குரல் கேட்டது. மூன்றாவது தடவை குரலும் இல்லை. இறங்கி வந்து, "நீ லைசென்ஸ் வாங்கினப்புறம் நேரா மட்டும் போறதா இருந்தாச் சொல்லு" என்றார்.

சரி, அந்த வலது சீட்டில் உட்கார யாருக்கு அனுமதி? பறக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு, சிஎஃப்ஐ என்பார்கள். விமானத்தில் சொல்லிக்கொடுப்பவரிடம் வணிக விமானி தகுதியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எந்த 24 மணி நேரத்திலும் 8 மணி நேரத்துக்கு மேல் பறந்து பாடம் எடுக்கக் கூடாது. பாடம் எடுக்கும் விமானத்தில் இரண்டு பக்கமும் வேலை செய்யும் இரட்டைக் கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விநோதம். பெரிய விமான நிறுவனத்தில் 20,000 மணி நேரம் பறந்த கேப்டன் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவரிடம் சிஎஃப்ஐ சான்றிதழ் இல்லாவிட்டால், என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எவ்வளவு அருமையாகச் சொல்லிக்கொடுத்தாலும் என் லாக் புத்தகத்தில் அது பயிற்சி நேரமாக ஏறாது. மறுபுறம், அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் 22 வயதுப் பையன், மொத்த அனுபவமே முந்நூறு மணி நேரம் உள்ளவன், எனக்குச் சட்டப்படி ஆசிரியன். அமெரிக்காவில் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டாம் வகைதான். அதற்கும் ஒரு விதியே காரணம். 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து நொறுங்கிய பிறகு, விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. இளைஞர்கள் அந்த மணிகளைச் சேர்க்க மலிவான வழி, பாடம் எடுப்பதுதான். மாணவர் வாடகையும் கட்டுகிறார், சம்பளமும் கொடுக்கிறார், ஆசிரியருக்கு மணி ஏறுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வாய்த்த இரண்டு ஆசிரியர்களில் வயதில் சின்னவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவருக்கு நடுவில் விமான நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்து போய்விட்டார். பாதி மாணவர்களின் கதை இங்கே இதுதான்.

இரட்டைக் கட்டுப்பாடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் பிடிக்கக்கூடிய வண்டியில் பெரிய ஆபத்து, இப்போது யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் போவது. அவர் பார்த்துக்கொள்வார் என்று நானும், அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவரும் விட்டுவிட்டால் முடிந்தது. அதற்காக மூன்று வாக்கியச் சடங்கு ஒன்று உண்டு. "யூ ஹாவ் த கன்ட்ரோல்ஸ்" என்பார் கொடுப்பவர். "ஐ ஹாவ் த கன்ட்ரோல்ஸ்" என்பார் வாங்குபவர். கொடுத்தவர் திரும்பவும் "யூ ஹாவ் த கன்ட்ரோல்ஸ்" என்று உறுதி சொல்வார். ஆரம்பத்தில் நாடக வசனம் மாதிரிச் சிரிப்பு வந்தது. ஓடுபாதைக்கு மேலே பக்கவாட்டுக் காற்று தள்ளியபோது ஆசிரியர் அந்த வாக்கியத்தைச் சொன்ன வேகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு ஒரு நாள் அவர் இறங்கிப் போவார். முதல் சோலோவை, அதாவது முதன்முதலாகத் தனியாகப் பறப்பதைப் பற்றி உலகத்தில் பறக்கத் தெரிந்த எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் அதிகம் இழுக்கப் போவதில்லை. அதற்கு முன் ஆசிரியர் ஒரு எழுத்துத் தேர்வு வைக்க வேண்டும், குறிப்பிட்ட பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், இந்த ரக விமானத்தை இவர் தனியாக ஓட்டலாம் என்று கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆயுள் 90 நாள். அது தீர்ந்தால் மறுபடி ஆசிரியரோடு பறந்து மறுபடி வாங்க வேண்டும். ஐரோப்பிய விதிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக வந்த ஆசிரியர் முதல் சோலோவுக்கு அனுமதி கொடுக்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். போதுமான மணி நேரம் பாடம் எடுத்து, மூத்தவர் மேற்பார்வையில் சோலோக்களைக் கையாண்ட பிறகே அந்த உரிமை. எனக்கு அது சரியென்று படுகிறது. மாணவரின் தகுதியைவிட, அவரை விட்டுவிட்டு இறங்குகிறவரின் தீர்ப்பே அங்கே சோதிக்கப்படுகிறது.

ஆசிரியர் இறங்கினதும் விமானம் மாறிவிடும். செஸ்னா 172 போன்ற சின்ன விமானத்தில் எண்பது கிலோ ஆள் ஒருவர் குறைந்தால் அது சீக்கிரம் தரையை விட்டு எழும், வேகமாக ஏறும், இறங்கும்போது ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும், உட்கார மறுக்கும். ஆக, பக்கத்தில் ஆள் இல்லை என்பது தைரியத்துக்கு மட்டுமான பரீட்சை அல்ல. நேற்றுவரை பழகிய எடையும் இல்லை. சோலோ முடித்து வந்தால் அமெரிக்காவில் சட்டையின் பின்பகுதியைக் கத்தரித்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். பழைய பயிற்சி விமானங்களில் மாணவர் முன்னால், ஆசிரியர் பின்னால். ரேடியோ கிடையாது, இஞ்சின் சத்தத்தில் பேச்சும் கேட்காது. சட்டை வாலைப் பிடித்து இழுத்துத்தான் கவனத்தைத் திருப்புவாராம். இனி இழுக்க ஆள் இல்லை, வால் எதற்கு என்று வெட்டிவிடுகிறார்கள். நான் அன்று குர்தா போட்டிருந்தேன். வால் நீளம். கத்தரிக்கோலோடு நின்றவர்களுக்குக் கொண்டாட்டம்.

அம்மாவின் கேள்விக்கு இங்கேதான் விடை. சட்டம் தனியாகப் பறப்பதைச் சகித்துக்கொள்வதோடு நிற்கவில்லை, கட்டாயப்படுத்துகிறது. வழக்கமான வழியில் தனியார் விமானி லைசென்ஸுக்கு மொத்தம் 40 மணி நேரம் குறைந்தபட்சம். அதில் 20 ஆசிரியரோடு, 10 முற்றிலும் தனியாக. அந்தப் பத்தில் ஐந்து மணி நேரம் வெளியூர்ப் பயணம். அதிலும் ஒன்று 150 கடல் மைலுக்குக் குறையாமல், மூன்று இடங்களில் இறங்கி ஏறி வர வேண்டும். தனியாக என்றால் சட்டத்தின் வரையறை ஒரே வரி: விமானத்துக்குள் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாதிருப்பது. பக்கத்தில் ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் மனசு அவர்மேல் சாயும். எரிபொருள் குறைகிறதா, வானிலை திரும்புகிறதா, இறங்கலாமா, திரும்பலாமா என்ற ஒவ்வொரு முடிவிலும் ஓரக்கண்ணால் அந்த முகத்தைப் பார்ப்போம். அப்படிப் பறப்பதைப் பழகலாம், முடிவெடுப்பதைப் பழக முடியாது. அதே நேரம், அந்தக் கட்டத்தில் பயணி ஒருவரை அனுமதித்தால் அவர் நம்பிக்கையோடு ஏறுவார், எதை நம்பி ஏறுகிறோம் என்று தெரியாமல் ஏறுவார். மாணவர் தன் உயிரைத் தெரிந்தே பணயம் வைக்கிறார். பின்னால் உட்காரும் சித்திக்கு அந்தக் கணக்கு தெரியாது. சட்டம் காப்பது சித்தியை.

இந்த விதியைச் சுற்றிக்கொண்டு போக முடியுமா என்று எல்லா மாணவர்களும் ஒருமுறையாவது யோசிப்பார்கள். காரணம் பெரும்பாலும் காசு. என்னோடு பழகிய தெலுங்குத் தம்பி ஒருவர் ஒரு திட்டத்தோடு வந்தார். "அக்கா, நம்ம ரெண்டு பேருமே சோலோ முடிச்சாச்சு. ஒரே விமானத்துல சேர்ந்து போனா வாடகை பாதிதானே?" சேர்ந்து போனால் ஒருவர் பொறுப்பாளர், மற்றவர் பயணி. மாணவர் பயணியை ஏற்றக் கூடாது. இரண்டு அரை விமானிகள் சேர்ந்து ஒரு முழு விமானி ஆக மாட்டார்கள் என்று ஆசிரியர் சிரித்துக்கொண்டே திட்டத்தை முடித்துவைத்தார்.

இன்னொரு சூழல் இதைவிடச் சிக்கலானது. அலுவலக நண்பர் ஒருவரிடம் தனியார் விமானி லைசென்ஸ் இருந்தது. "எங்கூட வாங்க, நீங்களே ஓட்டுங்க, மணி ஏறும்" என்றார். போகலாம், தடையில்லை. அவர் பொறுப்பாளர், அவருடைய பயணத்தில் நான் பயணி. அவர் விருப்பப்பட்டுப் பிடியை என் கையில் கொடுத்தாலும் சட்ட மீறல் கிடையாது. ஆனால் மணி ஏறாது. என் லாக் புத்தகத்தில் ஏறுவதற்கு இரண்டே வழிகள்: சிஎஃப்ஐ ஒருவர் பாடம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும், அல்லது நான் மட்டும் விமானத்தில் இருக்க வேண்டும். நண்பரோடு போனது இரண்டிலும் அடங்காது. என் ஆசிரியருக்கு இந்த மாதிரிப் பயணங்களே பிடிக்காது. நண்பர் சொல்லிக்கொடுக்கத் தகுதி பெற்றவர் அல்ல, நானோ பாதி தெரிந்தவள். இறங்கும்போது ஏதாவது கோணினால் வலது சீட்டிலிருந்து காப்பாற்றி அவருக்குப் பழக்கம் இருக்காது. சட்டம் விடுவதையும் வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர் அவர். நான் போனேன், படம் எடுத்தேன், பிடியைத் தொடவில்லை.

குழந்தைகள் பிடியைத் தொடுவதற்கும் இங்கே தடை இல்லை. இஏஏ என்ற விமான ஆர்வலர் சங்கம் 1992 முதல் யங் ஈகிள்ஸ் என்ற திட்டத்தில் 8 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளை இலவசமாகப் பறக்கவைக்கிறது. தன்னார்வ விமானிகள் தங்கள் சொந்த விமானத்தில் கூட்டிப்போகிறார்கள். என் மகனுக்கும் வலது சீட் கிடைத்தது, கொஞ்ச நேரம் பிடியையும் கொடுத்தார்கள். என்னைவிட முன்னால் அவன்தான் ஓட்டினான் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். மாணவ விமானி ஆக 16 வயது வேண்டும். கிளைடருக்கும் பலூனுக்கும் 14 போதும். அதற்குக் கீழே எத்தனை மணி நேரம் பறந்திருந்தாலும் சட்டப்படி விமானி அல்ல.

விமானி அல்ல என்ற அந்தச் சொல்லை ஒரு நாடே மறந்துபோன கதை ஒன்று உண்டு. ஜெசிகா டுப்ராஃப். கலிஃபோர்னியாக்காரி, 7 வயது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு விமானம் ஓட்டிப்போகும் மிக இளைய ஆள் ஆக வேண்டும் என்பது திட்டம். 1996 ஏப்ரல் 10 அன்று ஹாஃப் மூன் பே என்ற ஊரிலிருந்து செஸ்னா 177 விமானம் கிளம்பியது. ஜெசிகா இடது பக்க முன் சீட்டில், கால் எட்டாததால் பெடலுக்கு நீட்டிப்பு, உயரத்துக்கு மெத்தை. வலது சீட்டில் ஆசிரியர் ஜோ ரீட். பின்னால் அப்பா லாயிட் டுப்ராஃப். போகிற இடமெல்லாம் கேமராக்கள். மிக இளைய விமானி என்ற பிரிவைக் கின்னஸ் ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. முதல் நாள் இரவு வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரில் தங்கினார்கள். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே உள்ள ஊர், காற்று மெலிந்தது. மறுநாள் காலை இடிமழை நெருங்கிக்கொண்டிருக்க, அனுமதித்த எடையைவிடக் கூடுதல் சுமையோடு கிளம்பினார்கள். தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் விமானம் வேகமிழந்து ஒரு வீட்டு வாசலருகே விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

செய்திகளில் ஏழு வயதுச் சிறுமி ஓட்டிய விமானம் என்றே வந்தது. என்டிஎஸ்பி என்ற விபத்து விசாரணை அமைப்பு அப்படிச் சொல்லவில்லை. பொறுப்பு விமானி ஜோ ரீட், மோசமாகிக்கொண்டிருந்த வானிலைக்குள் கிளம்ப அவர் எடுத்த முடிவே காரணம் என்றது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும், அதனால் தளர்த்த முடியாத பயணத் திட்டமும் அந்த முடிவுக்குத் துணைபோனதாகச் சேர்த்து எழுதியது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனதில் நிற்பது, அந்த விமானத்தில் யார் எந்த சீட்டில் என்பதில் சட்டப்படி எல்லாமே சரியாக இருந்தது என்பதுதான். தகுதியுள்ள ஆசிரியர் இருந்தார், இரட்டைக் கட்டுப்பாடு இருந்தது, பின்னால் இருந்தவர் ஆசிரியரின் பயணி. யார் எங்கே உட்காரலாம் என்ற விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. வலது சீட்டில் இருந்தவர் தன் விமானம் அது என்பதை அப்பாவுக்கும் கேமராக்களுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சாதனைக்காகவோ போட்டிக்காகவோ சாகசத்துக்காகவோ பறப்பது என்று தெரிந்தால், தனியார் விமானி லைசென்ஸும் மருத்துவச் சான்றும் இல்லாதவரைப் பிடியைத் தொட விடக் கூடாது, விட்டால் பொறுப்பு விமானியின் லைசென்ஸ் போகும். வயதைக் குறிவைக்காமல் பொறுப்பு விமானியைக் குறிவைத்தது நல்ல யோசனை. யங் ஈகிள்ஸ் மாதிரித் திட்டங்கள் அதனால் பிழைத்தன.

இந்தியாவில் படிக்கப்போகும் அண்ணன் மகன் கேட்டதால் அந்த விதிகளையும் பார்த்தேன். அங்கே எஸ்பிஎல் என்ற மாணவ லைசென்ஸ், அங்கே விமானப் போக்குவரத்தை ஆளும் டிஜிசிஏ கணக்கு. எஸ்பிஎல் வைத்திருப்பவர் ஆசிரியரின் அதிகாரத்துக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டே பறக்க வேண்டும், பயணிகளையோ விலங்குகளையோ சரக்கையோ ஏற்றக் கூடாது என்று இருக்கிறது. விலங்குகள்! 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் அட்டவணையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், எந்த மாணவர் எந்த ஆட்டுக்குட்டியை ஏற்றிக்கொண்டு போய் அந்த விதியை வரவழைத்தாரோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அமெரிக்க விதி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. இன்னொரு வித்தியாசம் நோக்கத்தில். இந்தியாவில் பழகுபவர்கள் பெரும்பாலும் 200 மணி நேரம் சேர்த்து வணிக லைசென்ஸ் வாங்கி வேலைக்குப் போகிறவர்கள். என்னைப் போல வார இறுதியில் பறக்க ஆசைப்பட்டுப் பழகுகிறவர்கள் குறைவு. அதனால் சித்தியை எப்போது ஏற்றலாம் என்ற கேள்வியே அங்கே அதிகம் எழாது. சித்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்.

எல்லாத் தடைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு பறத்தலில் மட்டும், லைசென்ஸ் இல்லாத மாணவர் பொறுப்பு விமானியாக இருக்க, பக்கத்தில் இன்னொரு மனிதர் உட்காரலாம். அது செக்ரைடு, அதாவது இறுதிச் செய்முறைத் தேர்வு. வலது சீட்டில் தேர்வாளர். பார்த்தால் ஆசிரியர் மாதிரியே இருப்பார், ஆனால் அவர் பொறுப்பாளர் அல்ல என்று விதி 61.47 சொல்கிறது. அப்படியானால் அவர் பயணியா, மாணவர் பயணியை ஏற்றக் கூடாதே என்ற கேள்வி வரும். அதையும் யோசித்து, பயணிகள் தொடர்பான கட்டுப்பாடுகள் தேர்வின்போது பொருந்தாது என்று அதே பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். என் தேர்வாளர் ஏறும் முன் இதையே வாய்மொழிக் கேள்வியாகக் கேட்டார்: "இன்றைக்கு யார் பிஐசி?" நான் என்றேன். "அப்படியென்றால் காற்று அதிகமாக இருக்கிறது, போக வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு?" எனக்கு என்றேன். காற்று உண்மையாகவே அதிகமாக இருந்தது. அன்று போகவில்லை. வேறு ஒரு நாள் போனோம்.

தேறியதும் அங்கேயே தற்காலிகச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள், 120 நாள் செல்லும். அட்டை பிறகு தபாலில் வரும். அந்தத் தாள் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து யாரையும் ஏற்றலாம். சட்டம் அதற்கு மேல் கேட்பது கொஞ்சம்தான்: முந்தைய 90 நாளுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும், இரவில் ஏற்றுவதானால் இரவிலேயே மூன்று முறை முழுதாக நிறுத்தி இறங்கியிருக்க வேண்டும். இந்தக் கொஞ்சம்தான் எனக்குக் கவலை. 1999 ஜூலையில் முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் மனைவியையும் அவருடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு இருட்டில், மங்கலான வானில், மார்த்தாஸ் வினியார்டு தீவுக்குப் பறந்தபோது அவர் சட்டப்படி தகுதியானவர். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி அவரிடம் இல்லை, அன்றைய வானிலைக்கு அது சட்டப்படி தேவையும் இல்லை. ஆசிரியர் ஒருவர் கூட வருகிறேன் என்று சொன்னதையும், தனியாகவே போகிறேன் என்று அவர் மறுத்ததையும் விசாரணை அறிக்கை பதிந்திருக்கிறது. கடலுக்கு மேலே திசைமயங்கி விழுந்தார்கள். மாணவராக இருக்கும்வரை வலது சீட்டை யார் நிரப்ப வேண்டும் என்று சட்டம் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் முதல் சில நீண்ட பயணங்களுக்கு ஆசிரியரைக் காசு கொடுத்துக் கூட்டிப்போனேன். லைசென்ஸ் வாங்கினவள் எதற்கு வாத்தியாருக்குக் காசு கொடுக்கிறாள் என்று வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது.

காசு என்றதும் இன்னொன்று. கூட வருபவர்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை இந்த நான்கில் மட்டும். ஆனால் விமானியின் பங்கு சம பங்குக்குக் குறையக் கூடாது. நான்கு பேர் போனால் கால் பங்கு என் பையிலிருந்து வந்தே ஆக வேண்டும். "நீ ஓட்டறே, நாங்க காசு போட்டுடறோம்" என்று அன்பாகச் சொல்லும் மைத்துனரிடம் இதை விளக்கிப் புரியவைப்பது, பக்கவாட்டுக் காற்றில் இறங்குவதைவிடக் கஷ்டம்.

கடைசியில் சித்தி விசா வாங்கி வந்தே விட்டார். அம்மாவும் கூட. நான் வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172-க்கு நான்கு சீட். டேங்கை முழுக்க நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 250 கிலோ. அம்மா, சித்தி, கணவர், நான் என்று நால்வரும் ஏறினால் அது போதாது, டேங்கைக் குறைத்தாக வேண்டும். சித்தியிடம் எடை கேட்டேன். "அதெல்லாம் எதுக்குக் கேக்கற?" என்றார். விமானி கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். ஒரு எண்ணைச் சொன்னார். நான் மனசுக்குள் அதோடு எட்டு கிலோ கூட்டிக்கொண்டு, கணவரைத் தரையிலேயே விட்டுவிட்டேன். அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.